கிராக் தேடுறதை விட்டுட்டு ஒரு நெட்லிஸ்ட் எழுதிப் பாருங்க

பவர் எலக்ட்ரானிக்ஸ் லேப் வந்தாலே நம்ம ஹாஸ்டலில் ஒரு பென் டிரைவ் ரூம் ரூமாகச் சுற்றும். உள்ளே சிமுலேஷன் சாஃப்ட்வேரின் கிராக் வெர்ஷன். "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுடா" என்பார் சீனியர். நானும் பண்ணினேன். போன செமஸ்டரில் லேப்டாப்பை முழுசா ஃபார்மேட் பண்ண வேண்டியதாயிற்று. மினி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் அதோடு போச்சு.

லைசென்ஸ் லேப் கம்ப்யூட்டரில் மட்டும்தானே, ரூமில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் பதில் ரொம்ப நாளாகவே இருக்கிறது. 1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த ஸ்பைஸின் வாரிசு, என்ஜிஸ்பைஸ். இலவசம், சோர்ஸ் கோடும் திறந்தே இருக்கிறது. அதையும் கீகேடையும் சேர்த்து ஐஐடி பாம்பேயின் ஃபோஸி குழு தருவதுதான் இசிம்.

காசு மிச்சம் என்பது மட்டும் என் வாதம் இல்லை. 12 வோல்ட்டை 5 ஆக்கும் பக் கன்வர்ட்டர் ஒன்றைப் போட்டேன். டியூட்டி சைக்கிள் 0.42, லோடு 2.5 ஓம். ஃபார்முலாப்படி 5 வோல்ட் வரணும். 4 கூட வரலை! மேனுவலைப் புரட்டினால், ஸ்விட்ச்சின் ஆன் ரெசிஸ்டன்ஸை நாம் சொல்லாவிட்டால் அது 1 ஓம் என்று எடுத்துக்கொள்ளுமாம். 0.01 என்று மாற்றியதும் நாலரைக்கு வந்தது. மிச்ச அரை வோல்ட்? டையோடு தின்றது. டையோடு இருக்கும் இடத்தில் ஏன் இன்னொரு மாஸ்ஃபெட் வைக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஐடியல் பிளாக்கை இழுத்துப் போட்டு கிராஃபை ரெக்கார்டில் ஒட்டியிருந்தால் புரிந்திருக்காது.

கஷ்டமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். 'டைம்ஸ்டெப் டூ ஸ்மால்' என்று பாதியில் நிற்கும்; ஸ்விட்ச்சுக்குக் குறுக்கே ஒரு ஸ்னப்பர் போட்டுப் பார்க்கணும். பெரிய மோட்டார் டிரைவ், கன்ட்ரோல் லூப் என்றால் விலை கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர் இன்னும் சௌகரியம்தான். அதை லேபில் உட்கார்ந்து செய்யலாம்.

அடுத்த லேபுக்கு ஒரே ஒரு எக்ஸ்பெரிமென்ட்டை இதில் செய்துவிட்டு, சாரிடம் காட்டுங்கள். "ஏன் 5 வரலை?" என்று அவர் கேட்டால் பதில் உங்களிடம் இருக்கும். பென் டிரைவ் அந்தப் பதிலைத் தராது.