முட்டத்தறைக்கு யார் கடன் கொடுப்பார்கள்?

ஸ்ரீவராகத்துக்குக் கோயிலையும் குளத்தையும் பார்க்க வருகிறவர்கள் உண்டு. பக்கத்து முட்டத்தறையைப் பார்க்க யாரும் வருவதில்லை. திருவனந்தபுரத்தின் கழிவுநீர் அங்கேதான் போய்ச் சேர்கிறது. நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் வரை சுத்திகரிக்கக்கூடிய நிலையம். மத்திய அரசின் நகரப் புனரமைப்புத் திட்ட நிதியுதவியுடன் கட்டப்பட்டது.

உதவிக்குக் காத்திராமல், இதே மாதிரி வேலைக்குச் சந்தையில் கடன் வாங்கியது காஜியாபாத் மாநகராட்சி. 2021இல் 'பசுமைப் பத்திரம்' வெளியிட்டு ரூ. 150 கோடி திரட்டியது. வட்டி 8.1 சதவிகிதம். இந்திய மாநகராட்சிகளில் அதுதான் முதல்.

பெயர்தான் புதுசு. உள்ளே இருப்பது பழைய கடன் பத்திரமே. 'பணத்தைச் சுற்றுச்சூழலுக்கு உகந்த வேலைக்கு மட்டுமே செலவிடுவேன், கணக்கும் காட்டுவேன்' என்ற வாக்குறுதி மட்டும் கூடுதல். ஐரோப்பிய முதலீட்டு வங்கி 2007இலும் உலக வங்கி 2008இலும் தொடங்கிவைத்த வழக்கம் இது. நமது மத்திய அரசும் 2023 தொடக்கத்தில் ரூ. 16,000 கோடி திரட்டியது. அரசுக்கென்ன, வரி வருகிறது. மாநகராட்சி எதை வைத்துத் திருப்பும்?

காஜியாபாத்தின் பதில்: சாகிபாபாத் தொழிற்சாலைகள். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறவர்களுக்குச் சுத்திகரித்த கழிவுநீரை விற்பது, நாளொன்றுக்கு 4 கோடி லிட்டர். 2023இல் ரூ. 244 கோடி திரட்டிய இந்தூரின் கணக்கு வேறு. நர்மதைத் தண்ணீரை ஊருக்கு ஏற்றுவதற்கான மின்கட்டணத்தைச் சூரிய மின்சாரத்தால் மிச்சப்படுத்துவது. இந்தப் பத்திரத்தைப் பொதுமக்களும் வாங்க முடிந்தது.

முட்டத்தறையைச் சுற்றி சாகிபாபாத் இல்லை. விமான நிலையமும் மீனவர் குடியிருப்புகளும்தான். போகட்டும், தண்ணீரை வாங்க யாராவது கிடைத்தாலும், பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது யார்? கழிவுநீர் இங்கே மாநகராட்சியின் பொறுப்பல்ல, கேரள வாட்டர் அதாரிட்டியின் பொறுப்பு. கடன் கொடுக்கிறவன், சொத்து யார் பேரில் என்றுதான் முதலில் கேட்பான்.

அந்தக் கேள்விக்கு இந்த நகரம் ஏற்கெனவே தடுமாறியிருக்கிறது. தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடுகிறது ஆமையிழஞ்சான் தோடு (மலையாளத்தில் தோடு என்றால் ஓடை, காதணி அல்ல). 2024 ஜூலையில் அதில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி மூன்றாம் நாள்தான் கிடைத்தார், பிணமாக. அந்த இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டியது யார் என்று அப்போது ரயில்வேயும் மாநகராட்சியும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருந்தன.