மடிக்கணினி தந்தவர்கள் நினைவகத்தை மறந்தார்கள்

பழைய மடிக்கணினி ஒன்று மெதுவாக இயங்குகிறது என்று யாரேனும் சொன்னால், "தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள்" என்று பதில் சொல்வது நம் இலக்கிய வட்டத்தில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. செல்லரித்த ஏட்டுச்சுவடிகளைப் படியெடுத்துக் காப்பாற்றிய மரபைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசுகிறவர்கள்தாம் இதையும் சொல்கிறார்கள். வசதி படைத்தவர்களுக்கு இந்தப் பதில் போதும். எல்லோருக்கும் பொதுவான அறிவுரையாக அதை நீட்டும்போது மறுக்க வேண்டியிருக்கிறது.

மறுப்பதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய சான்று உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களின் கைகளுக்கு 50 லட்சத்துக்கும் அதிகமான கணினிகள் போய்ச் சேர்ந்தன. 'இலவசம்' என்று நகரத்து மேதாவிகள் எள்ளி நகையாடினார்கள். எத்தனையோ சிற்றூர்களில், ஒரு குடும்பத்தின் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்த முதல் கணினி அதுதான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. நாம் அந்தத் திட்டத்தைப் பழிப்பவர்கள் அல்லர். கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று அரசு கைகழுவியதையே குறை சொல்கிறோம்.

தொடக்கத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் இருந்தது 2 ஜிபி நினைவகம். கடைத்தெருவில் ரேம் என்று வழங்குவது இதையே. 2011-இல் அது போதுமானது. அதன்பிறகு மாறியது கணினி அன்று. அதில் ஓட வேண்டிய மென்பொருள்கள். ஒருங்குறியில் தட்டச்சு செய்த ஒரு லட்சம் சொற்கள் கொண்ட தமிழ் நாவல் சில மெகாபைட்டுகளில் அடங்கிவிடும். அதே நாவலைப் பற்றிய விமரிசனத்தைப் படிக்க இணைய உலாவியில் நாலைந்து பக்கங்களைத் திறந்தால் ஒரு ஜிபி கரைந்துபோகிறது. நினைவகம் நிரம்பியதும், இடம் போதாத தரவுகளைக் கணினி வன்தட்டில் கொண்டுபோய் வைத்து, வேண்டும்போது திரும்ப எடுத்து வருகிறது. நினைவகத்திலிருந்து ஒரு தரவை எடுக்க ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு போதும். சுழலும் வன்தட்டிலிருந்து எடுக்க ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கு ஆகிறது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு வேறுபாடு. 'கணினிக்கு வயதாகிவிட்டது' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புத்தான்.

இதற்கு மருந்து எளியது. மடிக்கணினியைத் திருப்பிப் போட்டு, மின்கலத்தைக் கழற்றி, அடிமூடியின் திருகுகளை அகற்றினால் விரல் நீளத்துக்கு ஓர் அட்டை தெரியும். அதை எடுத்துவிட்டு 4 ஜிபி அட்டையைப் பொருத்தலாம். பக்கத்தில் காலி இடம் இருந்தால் இன்னொன்றைச் சேர்க்கலாம். அந்தக் காலத்துக் கணினிகளுக்கு டிடிஆர்3 வகைதான் சேரும். டிடிஆர்4 அட்டையின் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் அது உள்ளே நுழையாது. இந்தச் சிறு செய்தியை மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க எந்தப் பாடநூலில் இடம் ஒதுக்கினார்கள்?

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அந்தக் கணினிகளில் பாஸ் லினக்ஸோடு சேர்த்து நிறுவப்பட்டது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பு. 2 ஜிபிக்கு மேல் எவ்வளவு நினைவகம் பொருத்தினாலும் அந்தப் பதிப்பு அதைப் பயன்படுத்தாது. இது வன்பொருளின் குறை அன்று, விற்பனைக்காக வேண்டுமென்றே போட்ட வேலி. கையிலிருந்த காசைச் செலவிட்டு நினைவகம் வாங்கிப் பொருத்திய ஏழை மாணவர், பயனில்லை என்று கண்டு தன்னையே நொந்துகொண்டிருப்பார். வேலி இல்லாத பாஸ் லினக்ஸ் அதே கணினியில் சும்மா கிடந்தது. அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய மென்பொருளை அரசுப் பள்ளியிலேயே ஊன்றிக் கற்றுத்தரவில்லை என்றால் வேறெங்கே கற்றுத்தருவார்கள்?

இதன் விலையைக் கொடுப்பவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் என்ற பெயரைத் தமிழகம் அறிந்தது 2024 ஜூன் மாதத்தில். மெத்தனால் கலந்த சாராயம் அங்கும் சுற்றுவட்டாரத்திலும் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்விச் செலவை ஏற்பதாக அரசு அறிவித்தது. அது நல்ல அறிவிப்பு. ஆனால் கல்வி என்பது கட்டணம் மட்டுமா? கூலிவேலை செய்வோர் வாழும் இத்தகைய தெருக்களில் அக்காவுக்குக் கிடைத்த கணினியில்தான் தம்பியும் படித்தாக வேண்டும். மேற்கே கல்வராயன் மலையில் நிலைமை இன்னும் கடினம். வெள்ளிமலையில் ஒரு கணினி நின்றுபோனால் மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும். ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போக, கடைக்காரர் "இது தேறாது" என்று சொன்னால் அதோடு சரி. "புதிதாக வாங்குங்கள்" என்ற நம் நண்பர்களின் அறிவுரையை அந்த வீட்டில் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

"செயலியே பழையது, நினைவகத்தைக் கூட்டி என்ன பயன்?" என்பார்கள். இந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. அந்தக் கணினிகளில் விண்டோஸ் 11 ஓடாது. அதற்கு வேண்டிய டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு அவற்றில் இல்லை; செயலியும் ஏற்கப்பட்ட பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. காணொளித் தொகுப்பு முதலிய கனத்த வேலைகளுக்கும் அவை உதவா. ஆனால் 4 ஜிபி நினைவகம், வன்தட்டுக்கு மாற்றாகச் சிறிய எஸ்எஸ்டி, எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய திரைச்சூழல் கொண்ட லினக்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்தால் கட்டுரை எழுதவும், பாடம் படிக்கவும், விண்ணப்பம் நிரப்பவும், நிரல் எழுதிப் பழகவும் தாராளமாகப் போதும். ஒரு மாணவருக்கு அன்றாடம் தேவைப்படுவன இவைதாமே?

பழையதைப் பற்றி மட்டும் பேசி முடிக்க முடியவில்லை. 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்குவதாகத் தமிழக அரசு அறிவித்து 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதே காலத்தில் நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைத்துவிடும் வழக்கம் உலகெங்கும் பரவிவிட்டது. ஆப்பிள் 2008-இல் தன் மேக்புக் ஏரில் இதைச் செய்தது. பின்னர் மற்றவர்களும் தொடர்ந்தார்கள். பற்றவைத்த நினைவகத்தை ஊர்க்கடையில் மாற்ற முடியாது. விலையும் நம் பக்கம் இல்லை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதால் 2025 இறுதியில் விலை தாறுமாறாக ஏறியது. கடையில் தனியாக நினைவகம் வாங்குவோர்க்கு அறிமுகமான குரூசியல் வணிகத்திலிருந்து விலகுவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. இத்தகைய காலத்தில் இருப்பதைக் காப்பது கஞ்சத்தனம் அன்று, விவேகம்.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, அரசு வாங்கும் ஒவ்வொரு மடிக்கணினியிலும் நினைவகம் கழற்றி மாட்டத்தக்கதாக இருக்க வேண்டும், ஓர் இடம் காலியாக விடப்பட வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனையாக எழுத வேண்டும். இரண்டு, ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களைக் கொண்டு வட்டந்தோறும் பழுதுநீக்கும் முகாம்கள் நடத்த வேண்டும். முதல் முகாம் வெள்ளிமலையில் நடக்கட்டும். மூன்று, உதிரிபாகம் தேடிச் சென்னை ரிச்சி தெருவரை அலையாமல், பழைய கணினிகளுக்குரிய நினைவகம் மாவட்டத் தலைநகரிலாவது கிடைக்க வழிசெய்ய வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, கணினியோடு கொடுத்த பைகளில் முதலமைச்சரின் படத்தை அச்சிட்டதற்கு ஆன செலவைவிட எவ்வளவு கூடுதலாக இருந்துவிடும்?

நம் அரசியலில் நினைவகம் என்றால் சமாதியும் மணிமண்டபமும்தான். அவற்றுக்குக் கோடிகள் ஒதுக்குவதில் எந்தக் கட்சியும் பின்வாங்கியதில்லை. விரல் நீள அட்டையாக இருக்கும் மற்றொரு நினைவகத்துக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள் என்றே கேட்கிறோம். வாசக அன்பர்களிடமும் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுப் பரணில் உறங்கும் மடிக்கணினியைக் காயலான் கடைக்கு எடை போடுவதற்கு முன், அதன் அடிமூடியை ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் தெருவிலேயே அதற்காகக் காத்திருக்கும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும்.