ஆப்பிரிக்கா செட், 350 ரூபாய்

நாடகச் சாமான் வாடகைக்கு விடும் கடைகளில் இப்போது கண்டங்களும் கிடைக்கின்றன. ஆப்பிரிக்கா செட் 350 ரூபாய். நாரில் தைத்த பாவாடை, எலும்பு மாதிரி பிளாஸ்டிக் மாலை, ஒரு ஈட்டி, முகத்துக்குக் கறுப்பு மை. மையைத் திருப்பித் தர வேண்டாம். ஜப்பான் செட் 500. “ஜப்பான் எல்லாம் நேத்தே போயிடுச்சு சார். சைனா ஒண்ணு இருக்கு. அதையே போட்டு அனுப்புங்க, யாரு பார்க்கப் போறாங்க?” என்றார் கடைக்காரர். அவர் பேச்சில் நியாயம் இருந்தது.

எல்லாம் ஏப்ரல் 2-க்காக. சர்வதேசக் குழந்தைகள் நூல் நாள். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் பிறந்த நாள். என் அக்காவின் பேத்தி படிக்கும் பள்ளியில் ‘நூல்கள் வழியே உலகக் குழந்தைகள்’ என்று விழா. நூல் ஒன்றும் கொண்டுவரச் சொல்லவில்லை, வேஷம் மட்டும்தான். அவளுக்கு ஆப்பிரிக்கா விழுந்திருந்தது. எந்த நாடு என்று சுற்றறிக்கையில் இல்லை. 54 நாடுகள் உள்ள கண்டத்தை இரண்டாம் வகுப்பு ‘பி’ பிரிவு ஒரே பாவாடைக்குள் அடக்கிவிட்டது. குழந்தை நல்ல கறுப்பு. அதன் மேல் இன்னொரு கறுப்பைப் பூசிக்கொண்டிருந்தார்கள். கறுப்பைப் புகழ்ந்து சினிமாவுக்குப் பாட்டு எழுதும் ஊரில்தான் இதுவும் நடக்கிறது. இதைப் பற்றி நான் ஏற்கெனவே கத்தியிருக்கிறேன், மறுபடி கத்தவில்லை.

மை பூசும்போது அவள் ஒரு கேள்வி கேட்டாள். “தாத்தா, ஆப்பிரிக்காவுல ஃபேன்சி டிரஸ் வெச்சா அந்தப் பிள்ளைங்க என்ன வேஷம் போடுவாங்க?”

“மை காயிற வரைக்கும் வாயை அசைக்காதே” என்றாள் அவள் அம்மா.

அந்த விழாவில் அன்றைக்கு உருப்படியாகக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான் என்பேன். கேட்டது வீட்டிலேயே முடிந்துபோயிற்று.

இந்த நாளைத் தொடங்கி வைத்தவர்களுக்கு வேறு எண்ணம் இருந்தது. யெல்லா லெப்மன் என்று ஒரு பத்திரிகையாளர், ஸ்டுட்கார்ட்டில் பிறந்த யூதப் பெண். கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஹிட்லர் காலத்தில் லண்டனுக்குத் தப்பிப் போனவர், போர் முடிந்ததும் 1945-ல் அமெரிக்க ராணுவத்தின் ஆலோசகராக ஜெர்மனிக்குத் திரும்பினார். ஊர் இடிந்து கிடக்கிறது, பிள்ளைகளுக்குச் சோறில்லை. இந்த அம்மாள் பல நாடுகளுக்குக் கடிதம் எழுதி, உங்கள் ஊர்க் குழந்தைகள் படிக்கும் புத்தகங்களை அனுப்புங்கள் என்று கேட்டார். எங்களை இரண்டு முறை ஆக்கிரமித்தவர்களின் பிள்ளைகளுக்குப் புத்தகமா என்று பெல்ஜியம் முதலில் மறுத்துவிட்டது. அதனால்தான் உங்கள் புத்தகம் கட்டாயம் வேண்டும் என்று மறுபடி எழுதி அதையும் வரவழைத்தார். 1946-ல் மியூனிக்கில் கண்காட்சி நடந்தது. இடம், ஹிட்லர் தன் கலைக்கொள்கையைக் காட்டுவதற்கென்றே கட்டித் திறந்துவைத்த மாளிகை. 1949-ல் அதே ஊரில் சர்வதேச இளையோர் நூலகம் வந்தது, 1953-ல் குழந்தை நூல்களுக்கான சர்வதேச அமைப்பு வந்தது, 1967-லிருந்து இந்த ஏப்ரல் 2 வருகிறது. பெல்ஜியத்துப் பையன் வீட்டில் என்ன செய்கிறான் என்று ஜெர்மன் பையன் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. பெல்ஜியத்துக்காரன் மாதிரி உடுத்திக்கொண்டு மேடையில் நிற்கச் சொல்லவில்லை.

வேஷத்துக்கு அண்ணன் ஒருவர் இருக்கிறார், பொது அறிவுப் புத்தகம். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார்கள், தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘உலக நாடுகளும் தலைநகரங்களும்’ வகையறாதான் இன்றைக்கும் புத்தகக் கண்காட்சிகளில் பெற்றோர் கை முதலில் நீளும் சாமான். இந்த வருஷமும் ஒன்றைப் புரட்டினேன். கஜகஸ்தானின் தலைநகர் அல்மாட்டி என்று போட்டிருந்தது. தலைநகர் 1997-லேயே அங்கிருந்து வடக்கே போய்விட்டது. போன ஊருக்கு மறு வருஷம் அஸ்தானா என்று பெயர் வைத்தார்கள். 2019-ல் நூர்சுல்தான் என்றார்கள். 2022-ல் மறுபடி அஸ்தானா. அந்த நாட்டுக்காரனே பெயர்ப்பலகை எழுதி அலுத்திருப்பான். நம் பிள்ளை மட்டும் அல்மாட்டியை மனப்பாடம் செய்து பரிசுக் கோப்பை வாங்கி வருகிறது. சரியான பதிலைச் சொன்னாலும் என்ன ஆகப்போகிறது? அஸ்தானாவில் ஒரு பையனுக்குப் பல் விழுந்தால் அதை எங்கே போடுவான், பாட்டி வீட்டுக்கு எதில் போவான், எதற்கு அடி வாங்குவான், இதில் ஒன்றுகூட அந்தப் புத்தகத்தில் இல்லை. கொடியும் நாணயமும் மட்டும் வண்ணத்தில் இருக்கின்றன.

எதற்கு அடி வாங்குவான் என்பதுதான் முக்கியம். எனக்கு ரஷ்யா தெரியவந்தது அப்படித்தான்.

சோவியத் புத்தகம் என்றதும் அந்தக் காகித வாசனையைப் பற்றி எழுதுவேன் என்று பயப்பட வேண்டாம். அதைத் தமிழ்நாட்டில் முகராத எழுத்தாளர் பாக்கியில்லை. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு புத்தகம்: அலெக்சாந்தர் ரஸ்கினின் ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’. மாஸ்கோவிலிருந்து தமிழில் அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக எங்கள் ஊர் வரைக்கும் வந்தது. ரஸ்கின் நையாண்டி எழுத்தாளர். அவருடைய சின்ன மகள் சாஷா அடிக்கடி படுக்கையில் விழுவாள். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது நடந்ததைச் சொல்லு என்று நச்சரிப்பாள். அவர் சொன்னார். சொன்னதையெல்லாம் 1961-ல் புத்தகமாகப் போட்டார்.

பாவ்லவோ-பசாத் என்ற சின்ன ஊர். அப்பாவுக்கு யாரோ அழகான பெரிய பந்து ஒன்று தருகிறார்கள். ஊரில் மோட்டார் வண்டி அபூர்வம். வண்டிச் சக்கரத்துக்கு அடியில் பந்தைப் போட்டால் என்ன ஆகும் என்று அப்பாவுக்குத் தோன்றுகிறது. போட்டுப் பார்க்கிறார். டமார். இன்னொரு கதையில் சர்க்கஸ் பார்த்துவிட்டு வந்து, ஒரு குட்டி நாயைப் பழக்கப் போய் கடி வாங்குகிறார். பெரியவனானால் என்ன ஆவாய் என்று எல்லோரும் கேட்கிறார்களே, அதற்கும் ஒரு கதை இருக்கிறது. முதலில் இரவுக் காவல்காரர், ஏனென்றால் ஊரே தூங்கும்போது அவர் மட்டும் விழித்திருப்பார். பிறகு ஐஸ்கிரீம்காரர். வாடிக்கையாளருக்கு ஒன்று, தனக்கு ஒன்று. பிறகு ரயில்பெட்டிகளைக் கோத்துவிடுகிறவர், விமானி, நடிகர். கடைசியில் நாய். நாலு காலில் ஓடி, குரைத்துப் பழகி, பின்னங்காலால் காதைச் சொறியும் வித்தை மட்டும் வராமல் திண்டாடுகிறார். அந்த வழியாக வந்த ராணுவ அதிகாரி, மனிதனாக ஆசையில்லையா என்று கேட்கிறார். அது எப்போதோ ஆகிவிட்டேனே என்பது அப்பாவின் பதில்.

அந்தப் புத்தகத்தில் நீதி இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது, ரொட்டியைத் தரையில் போடுவது பற்றி ஒரு கதை முழுக்க நீதிதான். ஆனால் குட்டுப்படுவது ஒவ்வொரு முறையும் அப்பா. படிக்கிற பிள்ளை நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சிரிக்கலாம்.

எனக்கு அப்போது ரஷ்யாவைப் பற்றித் தெரிந்தது இரண்டே சங்கதி, லெனின், பனி. அவ்வளவு குளிரில் எதற்கு ஐஸ்கிரீம் தின்கிறார்கள் என்று என் அப்பாவிடம் கேட்டேன். மில்லில் வேலை பார்த்த அவர் சங்கத்துத் தோழரிடம் கேட்டார். தோழர் நெற்றியைச் சுருக்கி யோசித்து, “அங்க எல்லாமே அரசாங்கம் குடுக்கும்” என்று சொல்லி அனுப்பினார். கேள்வி தீரவில்லை. பந்தையும் சோதித்துப் பார்த்தோம், நானும் பக்கத்து வீட்டுக்காரனும், எங்கள் தெருவுக்கு வரும் டவுன் பஸ்ஸின் சக்கரத்தில். பந்து நசுங்காமல் தெறித்து ஓடியது. டிரைவர் இறங்கி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரஷ்யப் பந்து உடைகிறதே, நம் பந்து ஏன் உடையவில்லை? ரஷ்ய டிரைவர்கள் பந்தை எடுத்துக்கொள்வார்களா? ஒரு நாட்டு மக்களைப் பற்றி அதற்கு முன்னால் இப்படிக் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அந்தப் புத்தகங்கள் தர்மத்துக்கு வரவில்லை என்பதும் உண்மைதான். ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றவர்களை மாஸ்கோவிலேயே குடிவைத்து மொழிபெயர்க்கச் சொல்லி, சினிமா டிக்கெட் விலைக்கு விற்ற அரசுக்கு ஒரு கணக்கு இருந்தது. நாம் சோவியத் நாட்டை நேசிக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் மொழிபெயர்ப்பும் அமைப்பும் எப்படி இருக்கின்றன, எழுதுங்கள் என்று முகவரி போட்டுக் கேட்பார்கள். வாசகரிடம் அப்படிக் கேட்கும் தமிழ்ப் பதிப்பாளரை இன்றைக்கும் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பிள்ளைகள் அந்தக் கணக்குப்படி படிக்கவில்லை. டிராக்டரும் ஐந்தாண்டுத் திட்டமும் வந்த பக்கங்களைத் தள்ளிவிட்டுப் பந்து வந்த பக்கத்தில் நின்றோம்.

சாஷாவை நான் அதற்கப்புறம் மறக்கவில்லை. புத்தகத்தில் அப்பா இருக்கிறார், தாத்தா பாட்டி இருக்கிறார்கள். சாஷாவின் அம்மா யார்? வெகுகாலம் கழித்து, வேறு எதையோ படிக்கும்போது பதில் அகப்பட்டது. நான் இந்த வாரம் எழுத நினைத்தது உண்மையில் அவரைப் பற்றித்தான்.

ஃப்ரீதா விக்தரோவா. ரஸ்கினின் மனைவி. ஆசிரியையாக இருந்து பத்திரிகையாளர் ஆனவர். பள்ளிக்கூடம், அநாதை இல்லம், பிள்ளை வளர்ப்பு, இவைதான் அவர் விஷயங்கள். வீடு கிடைக்காதவன், வேலை போனவன் என்று யார் கடிதம் எழுதினாலும் ரயிலேறிப் போய் அதிகாரிகளிடம் மல்லுக்கட்டுவார். 1964 பிப்ரவரியில் லெனின்கிராத் நீதிமன்றம் ஒன்றில் 23 வயது இளைஞன் ஒருவனை நிறுத்தினார்கள். உழைக்காமல் திரியும் ஒட்டுண்ணி என்பது குற்றச்சாட்டு. பெயர் யோசிப் பிராட்ஸ்கி. கவிதை எழுதுவதுதான் என் வேலை என்றான். உன்னைக் கவிஞன் என்று அங்கீகரித்தது யார், அதற்கு எங்கே படித்தாய் என்று நீதிபதி அம்மாள் கேட்டார். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து விக்தரோவா இதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டிருந்தார். மார்ச் மாதம் இரண்டாவது விசாரணையில் எழுதுவதை நிறுத்தச் சொன்னார்கள். நான் பத்திரிகையாளர், இளைஞர் வளர்ப்பைப் பற்றி எழுதுகிறவள் என்று எழுந்து சொன்னார். பலிக்கவில்லை. மிச்சத்தை நினைவிலிருந்து எழுதினார். பையனுக்கு ஐந்து வருஷம் வடக்கே கட்டாய உழைப்பு என்று தீர்ப்பு.

அந்தக் குறிப்பு கையெழுத்தாகவும் தட்டச்சாகவும் வீடு வீடாகப் போய், எல்லை தாண்டி, அதே வருஷம் மேற்கத்தியப் பத்திரிகைகளில் வந்தது. சோவியத் நாட்டில் ஒரு வழக்கு விசாரணை பேசப்பட்டபடியே உலகத்தின் காதில் விழுந்தது. ஊர் உலகமெல்லாம் சத்தம் போட்டதில் ஒன்றரை வருஷத்திலேயே பிராட்ஸ்கியை விட்டுவிட்டார்கள். 1987-ல் நோபல் வாங்கினார். விக்தரோவா அவர் விடுதலையாவதைப் பார்க்கவில்லை. 1965 ஆகஸ்டில் புற்றுநோயில் போய்விட்டார், வயது ஐம்பது. பிராட்ஸ்கி வெளியே வந்தது அடுத்த மாதம்.

யோசித்துப் பாருங்கள். அப்பா பந்து உடைத்த கதையை எனக்குத் தமிழில் அச்சடித்து அனுப்பிய அதே அரசு, அம்மா எடுத்த குறிப்பை இருபது வருஷத்துக்கு மேல் தன் நாட்டிலேயே அச்சேற விடவில்லை. 1980களின் கடைசியில்தான் அது அங்கே வெளிவந்தது. என் அப்பாவின் சங்கத்துத் தோழருக்கு இது தெரிந்திருந்தால் நெற்றியை இன்னும் கொஞ்சம் சுருக்கியிருப்பார். தோழரைக் கேலி செய்யவில்லை. புத்தகத்தை ஊருக்குள் கொண்டுவந்தவர்கள் அவரைப் போன்றவர்கள்தான்.

படுக்கையில் கிடந்து கதை கேட்ட சாஷா, அலெக்சாந்திரா ரஸ்கினா, பிற்பாடு மொழியியலாளர் ஆனார். அம்மாவின் எழுத்துகளைத் தொகுத்துப் பதிப்பித்தவரும் அவர்தான்.

அப்பா புத்தகம் தமிழில் மறுபதிப்பாக வந்திருக்கிறது, தேடினால் அகப்படும். அகப்படவில்லை என்று எனக்குக் கடிதம் போட வேண்டாம். என் பிரதியை இரவல் தருவதாக இல்லை. காரணத்தைப் புத்தகத் திருடர்கள் பற்றிய பத்தியில் பெயர் சொல்லாமல் விளக்கியிருக்கிறேன், சம்பந்தப்பட்டவருக்குத் தெரியும்.