‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்பது உதவியா?

நண்பர் வீட்டுக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் என்ன செய்வோம்? ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போவோம். பத்து நிமிடம் உட்கார்ந்திருப்போம். கிளம்பும்போது, ‘ஏதாவது வேணும்னா கூச்சப்படாம சொல்லுங்க’ என்போம். அவர்கள் சொல்லப்போவதில்லை. நமக்கும் அது தெரியும்.

இதே நிலைமையில் ஓர் ஓவியர் என்ன செய்தார் தெரியுமா?

அவர் பெயர் எட்வர்ட் லியர். இங்கிலாந்துக்காரர். 1874-ல் மாமல்லபுரம், திருச்சி, தஞ்சாவூர், குன்னூர், ஊட்டி என்று நம் பக்கமெல்லாம் சுற்றி வரைந்தவர். அந்தப் பயணமே நண்பர் ஒருவரின் உதவிதான். அப்போதைய வைஸ்ராய் நார்த்புரூக் பிரபு அவரை அழைத்திருந்தார்.

நான் சொல்லவந்தது அதற்கு ஏழு வருடம் முன்பு நடந்தது. 1867 டிசம்பர். பிரான்ஸின் கான் நகரம், இன்று திரைப்பட விழா நடக்கிறதே அதே ஊர். லியரின் நண்பர், எழுத்தாளர் ஜான் சைமண்ட்ஸ் குடும்பத்தோடு அங்கே இருந்தார். அவருக்கே நுரையீரல் கோளாறு. போதாததற்கு இரண்டு வயது மகள் ஜேனட்டும் உடம்பு முடியாமல் படுத்துவிட்டாள்.

லியர் தனக்கு எது வருமோ அதைச் செய்தார். ஆந்தையும் பூனையும் படகேறிக் கடலுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்ளும் கதையைப் பாட்டாக எழுதி, படமும் வரைந்து ஜேனட்டுக்குக் கொடுத்தார். உங்கள் வீட்டுக் குட்டிகளின் இங்கிலீஷ் ரைம்ஸ் புத்தகத்தில் இருக்கும் ‘தி அவுல் அண்ட் தி புஸ்ஸிகேட்’ அதுதான்.

குழந்தையோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. நோயாளியான நண்பரும் தானும் யார் அதிகம் புலம்புகிறார்கள் என்று போட்டி போடுவதுபோல ஒரு வேடிக்கைக் கவிதையும் எழுதினார். நடுவர் யார்? நண்பரின் மனைவி! இரண்டு பேரைப் பார்த்துக்கொண்டு களைத்துப்போன ஒரு பெண்ணுக்கு, கொஞ்சம் சிரிக்க இடம் கொடுத்தார்.

நோய் வீட்டின் வலி லியருக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே வலிப்பு நோய். வெளியே சொல்லாமல், டைரியில் மட்டும் குறியிட்டு வைப்பார். அவரைத் தாய் மாதிரி வளர்த்தது அக்கா ஆன்.

சரி, நமக்குப் பாட்டு எழுத வராதே? வர வேண்டாம். கொல்லிமலையை நினைத்துப் பாருங்கள். காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ராத்திரியில் குழந்தைக்கு முடியாமல்போய், நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் அத்தனை வளைவும் இறங்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் போய்விட்டால், வீட்டில் இருக்கும் இன்னொரு பிள்ளைக்கு யார் சோறு போடுவது? ஆட்டை யார் கட்டுவது? களத்தில் காயும் மிளகை மழைக்கு முன் யார் அள்ளுவது?

வல்வில் ஓரி ஆண்ட மலை அது. ஓரியிடம் போன கூத்தர்கள் குடும்பத்தோடு பசியாறி, ஆடலையும் பாடலையும் மறந்தே போனார்கள் என்று புறநானூற்றில் பாடுகிறார் வன்பரணர். உதவி என்றால் அது வீடு மொத்தத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை:

* ‘என்ன வேணும்?’ என்று கேட்காதீர்கள். ‘நாளைக்குப் பெரியவளை ஸ்கூல்ல இருந்து நான் கூட்டிட்டு வர்றேன்’ என்று சொல்லுங்கள்.

* காப்பீட்டுத் திட்டத்துக்கு ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ் என்று அலைய வேண்டியிருக்கும். அந்த அலைச்சலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

* சளி, காய்ச்சல் இருந்தால் நேரில் போக வேண்டாம். சாப்பாட்டை வாசலில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

* கை வைத்தியம் சொல்லாதீர்கள். குழந்தையின் போட்டோவை ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

* குழந்தையோடு அரை மணி நேரம் விளையாடுங்கள். அம்மா குளித்துவிட்டு வரட்டும்.

ஜேனட் பிழைத்து வளர்ந்தாள். ஆனால் 1887-ல், 21 வயதில் இறந்துபோனாள். பாட்டு எந்த நோயையும் தீர்க்காது. படுக்கையில் கிடந்த ஒரு குட்டிப்பெண்ணுக்கு அந்த டிசம்பரில் பச்சைப் படகு ஒன்று கிடைத்தது, அவ்வளவுதான். இப்போது உங்களுக்கு யாராவது நினைவுக்கு வந்தால், போன் செய்யுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.