ஆளைப் பார்த்தால் தெரியாது

இணையத்தில் யாராவது பணத்தைப் பறிகொடுத்தால், "பேசும்போதே ஆள் எப்படி என்று தெரிந்திருக்காதா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். ஏமாற்றுகிறவன் ஈரமற்ற நெஞ்சோடு பிறந்த தனிப் பிறவி என்பது நம் நம்பிக்கை. 2002இல் பால்ஹஸ், வில்லியம்ஸ் என்ற உளவியலாளர்கள் தற்காதல், சூழ்ச்சி, இரக்கமின்மை ஆகிய மூன்றையும் 'இருண்ட மும்மை' என்று ஒரே கட்டில் வைத்தார்கள். அந்த மும்மையை ஒரு சட்டைபோல எல்லா மோசடிக்காரர்களுக்கும் மாட்டிவிடுகிறோம்.

மியாவாடிக்குப் போனால் சட்டை கிழிந்துவிடும். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப்போன தமிழ்நாட்டு இளைஞர்கள், 2022இல் மியான்மரின் அந்த எல்லை நகரத்தில் அடைத்துவைக்கப்பட்டார்கள். கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, அடித்து, அவர்களை இணைய மோசடியில் இறக்கினார்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேர் இப்படிக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று 2023இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது. இவர்களில் யாருடைய பிறவிக் குணத்தை அளப்பது?

அங்கே நடப்பது தொழிற்சாலை வேலை. நலம் விசாரிக்க ஒருவர், போலி முதலீட்டுச் செயலிக்கு இழுக்க இன்னொருவர், பணத்தைக் கைமாற்ற வேறொருவர். வசனம் எழுதியே கொடுத்துவிடுவார்கள். உங்களிடம் உருகிப் பேசும் அன்பு ஒரு ஷிஃப்ட் வேலை.

விரும்பியே இறங்கியவர்களும் உண்டு. அந்தத் தொழிற்சாலையை நடத்தும் முதலாளிகளும் உண்டு. அவர்களை மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் கயவன் முகத்தையே தேடிக்கொண்டிருந்தால் அந்த முதலாளி கண்ணில் படமாட்டான். பணத்தைக் கைமாற்றச் சில ஆயிரங்களுக்கு வங்கிக் கணக்கை வாடகைக்கு விடும் பக்கத்து வீட்டுப் பையனும் படமாட்டான்.

பறிகொடுத்தவரையும் இந்த நம்பிக்கை விடுவதில்லை. ஆளை எடைபோடத் தெரியாதவர் என்ற ஏச்சுக்கு அஞ்சி அவர் வாயை மூடிக்கொள்கிறார். பணம் கணக்குவிட்டுக் கணக்குத் தாவுவதற்குள் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930ஐ அழைத்திருந்தால் கொஞ்சமாவது முடக்கியிருக்கலாம். அந்த நேரம் வெட்கத்தில் கரைகிறது.

ஆகவே பேசுகிறவரின் குணத்தை விடுங்கள். கேட்பது என்ன என்று பாருங்கள். உதாரணத்துக்கு, தொலைபேசியிலேயே உங்களைக் கைது செய்துவிட்டதாகச் சொல்லும் 'டிஜிட்டல் கைது' என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் இல்லை. கைது என்று மிரட்டிப் பணம் கேட்கும் குரல் அதிகாரமாக ஒலித்தாலும், தழுதழுத்தாலும் பொய்தான். தழுதழுப்பது ஒருவேளை நடிப்பாக இல்லாமலும் இருக்கலாம்; அடி விழுமே என்ற பயமாக இருக்கலாம்.