பெயர்க்க முடியாத தூரம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் பெற்றோர்களுக்குக் கிராமம் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமைச் செலவாகிவிட்டது. வண்டி பிடித்து முட்டுக்காட்டுக்குப் போகிறார்கள். தக்ஷிணசித்ராவில் பிள்ளைகளுக்குத் திண்ணையையும் முற்றத்தையும் காட்டிவிட்டு, கடமை முடிந்த திருப்தியோடு திரும்புகிறார்கள். நானும் போய்வந்தவன்தான். அந்த இடத்தைப் பற்றி நம் எழுத்தாளர்களிடையே நிலவும் பயபக்தியோடுதான் எனக்குத் தகராறு.

அங்கே நடந்திருப்பது சின்னக் காரியமல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996 டிசம்பரில் திறந்த இடம் அது. செட்டிநாட்டு வீடு, நெசவாளர் வீடு, அக்ரஹாரத்து வீடு, கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் வீடு என்று தென்னாட்டு வீடுகள். இடிபட இருந்த பலவற்றைக் கல்லும் மரமுமாகப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் அந்தத் தூண்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைபேசப்பட்டிருக்கும்.

ஆனால் வீடு வேறு, ஊர் வேறு. தூணைப் பெயர்க்கலாம், தூரத்தைப் பெயர்க்க முடியாது. அக்ரஹாரத்திலிருந்து குயவர் வீட்டுக்கு அங்கே சில நிமிஷ நடை. குழந்தைகள் ஓடியே போய்விடுகிறார்கள். எந்த வாசல்வரை யார் வரலாம், எந்தக் கிணற்றில் யார் இறைக்கலாம் என்பதுதான் நம் ஊர்களின் வரைபடம். ஊருக்கும் சேரிக்கும் நடுவே வேண்டுமென்றே விடப்பட்ட அந்த வெளியை விட்டுவிட்டுக் கிராமத்தைக் காட்டுவது, அழகாகப் பொய் சொல்வது. என்னோடு வந்த பையன், சக்கரத்தில் பானை வனைந்துகொண்டிருந்தவரைக் காட்டி, “ராத்திரி இவரு எங்க போவாரு?” என்று கேட்டான். இதைவிடக் கூர்மையான விமர்சனம் நம் பத்திரிகைகளில் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இந்த வகைக் கிராமங்களின் பூர்வீகத்தைப் பாருங்கள். ஹசேலியஸ் 1891இல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்ஸனைத் திறந்தபோது, ஸ்வீடனின் குடியானவர்கள் ஆலைகளுக்கும் அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். 1929இல் டியர்பார்னில் கிரீன்ஃபீல்ட் கிராமத்தை அர்ப்பணித்தவர் ஹென்றி ஃபோர்டு; தான் பிறந்த பண்ணைவீட்டையும் பின்னால் அங்கே பெயர்த்துக் கொண்டுவந்தார். பழைய கிராமத்தைக் காலிசெய்ததில் அவருடைய காருக்குள்ள பங்கை யாரும் மறுக்க முடியாது. 1932 மார்ச்சில், அதே டியர்பார்னில், அவருடைய ரூஜ் ஆலைக்கு வேலை கேட்டு ஊர்வலம் வந்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள். ஆலை எழுவதும் கிராமம் மியூசியமாவதும் தனித்தனிச் சம்பவங்களல்ல.

நமக்கும் அப்படித்தான். தக்ஷிணசித்ரா திறந்த 1996இல்தான் ஹ்யுண்டாய் இந்தியாவில் கம்பெனி தொடங்கியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார் வெளிவந்தது. பிறகு சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம். இது ஏரிகளின் நாடு. மதகு, கலங்கல், மேய்க்கால் புறம்போக்கு, வயல் வயலாகத் தண்ணீரைப் பங்கிட்டவன், அவனுக்குக் கிடைத்த கூலி, கிடைக்காத கூலி — ஊர் என்பது இதுதான். திண்ணை அதன் ஓரத்தில் சிலருக்கு வாய்த்த சௌகரியம். 2022இல் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டதும் ஏகனாபுரத்தார் போராட இறங்கியது வயலுக்காகவும் ஏரிக்காகவும், திண்ணைக்காக அல்ல.

காலியான இடத்தில் வந்திருப்பதும் ஊர்தான். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது: குழந்தைகளும் கிழவிகளும் இல்லாத ஊர். 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் ஆஸ்பத்திரியில் கிடக்க, ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்துக்காக ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். இவர்களுடைய பேச்சு, பயம், காதல், தூக்கமின்மை நம் கவிதைக்குள் எவ்வளவு வந்திருக்கிறது? நாமோ பாட்டியின் அம்மியையும் பால்யத்து வேப்பமரத்தையும் விட்டு நகர மறுக்கிறோம். தூரத்தைக் கழித்துவிட்டுத் திண்ணையை மட்டும் பெயர்த்துவைக்கும் வேலையைத்தான் நாமும் செய்துகொண்டிருக்கிறோம். முட்டுக்காட்டிலாவது டிக்கெட் கொடுத்து, இது மியூசியம் என்று சொல்லிவிடுகிறார்கள்.

பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாமென்று நான் சொல்லவில்லை. திரும்பும் வழியில் ஒரு மிச்ச ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி மதகைக் காட்டுங்கள். ஷிஃப்ட் முடிந்து வரிசையாக வரும் கம்பெனி பஸ்களையும் காட்டுங்கள். ராத்திரி இவர்கள் எங்கே போவார்கள் என்று அப்போதும் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டியது நாம்.