கொடுங்கையூர்ப் புகையும் கொருக்குப்பேட்டைத் தோலும்

வெயில் ஏறினால் சென்னையின் கொடுங்கையூர் குப்பைமேட்டில் எங்காவது ஒரு மூலை புகையத் தொடங்கும். காற்று திரும்பினால் அந்தப் புகை கொருக்குப்பேட்டைக்குள் நுழைந்துவிடும். கண் எரிச்சலையும் இருமலையும் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் எடுக்கும் அரிப்பை மட்டும் வேர்க்குரு என்று விட்டுவிடுகிறார்கள்.

2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரைக் காட்டுத்தீ அழித்தது. சுமார் 280 கிலோமீட்டர் தள்ளியிருந்த சான்பிரான்சிஸ்கோவில், புகை சூழ்ந்த நாட்களில் கரப்பானும் அரிப்புமாகத் தோல் மருத்துவர்களிடம் போனவர்கள் கூடினார்கள். 2021-ல் வெளியான ஆய்வு இதைப் பதிவுசெய்தது. கொருக்குப்பேட்டைக்கோ குப்பைமேடு பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே எரிவதும் வெறும் மரமல்ல. பிளாஸ்டிக், ரப்பர், ஒயர் உறை.

புகையின் நுண்துகள்களோடு ஒட்டிவரும் சில வேதிப்பொருள்கள் கொழுப்பில் கரைபவை. தோலின் மேலடுக்கைக் காப்பதும் கொழுப்புப் பூச்சுதான். அதைக் குலைத்துவிட்டால் ஈரம் வெளியேறி, தோல் வறண்டு அரிக்கும். ஏற்கெனவே கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு இன்னும் மோசம்.

வெளியே போய்வந்ததும் துணி மாற்றி, முகம், கை, கால்களை மென்மையான சோப்பால் கழுவி, ஈரம் காய்வதற்குள் வாஸ்லின் தடவுவது நல்லது. முழுக்கைப் பருத்திச் சட்டை உதவும். மாடியில் காயும் துணியைப் புகை வருமுன் எடுத்துவிட வேண்டும். நார் போட்டுத் தேய்க்க வேண்டாம். மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்புதான் பெரிய ஆபத்து. அரிப்பு அன்றைக்கு அடங்கும். வாரக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், படை இருந்தால் பரவும். அரிப்பு நீடித்தால் ஸ்டான்லி மருத்துவமனை தூரமில்லை.

ஆனால் கழுவச் சொல்வதற்கு முன் தண்ணீர் வேண்டாமா? லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைக்கும் வீடு, குடிக்க வைத்ததை எடுத்தா குளிக்கும்? சரக்கு யார்டில் மூட்டை தூக்குபவரும் குப்பை பொறுக்குபவரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தால் அன்றைய கூலி போய்விடும். தோலைக் காக்கும் பொறுப்பை இவர்கள் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம்.

குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதை 2016-ன் திடக்கழிவு விதிகளே தடை செய்தன. அதே ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எரிப்பவருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என்றது. மாநகராட்சியின் கிடங்கே எரிந்தால் பதில் சொல்வது யார்? 2022 ஏப்ரல் இறுதியில் சென்னையின் இன்னொரு குப்பைமேடான பெருங்குடிக் கிடங்கு பற்றி எரிந்தபோது அணைக்கப் பல நாள் ஆனது. மட்கும் குப்பையிலிருந்து மீத்தேன் கசியும் இடத்தில் தீ மேலே அடங்கினாலும் அடியில் கனன்றுகொண்டிருக்கும்.

எனவே பழைய குப்பையைப் பிரித்து அகற்றும் வேலை தாமதமின்றி முடிய வேண்டும். அதுவரை ஒவ்வொரு கோடையிலும் மேட்டில் இரவுக் காவலும் தீயணைப்பு வண்டியும் நிற்கட்டும். புகை நாட்களில் கொருக்குப்பேட்டைக்குக் கூடுதல் தண்ணீர் லாரிகள் வரட்டும். மாநகராட்சி மருத்துவ முகாமில் ஒரு தோல் மருத்துவரும் உட்காரட்டும்.